எண்டோஸ்கோப்பிக்குத் தேதி வாங்கியிருக்கிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவுக்கு 64 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். இரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.9 என்று வந்தது. "இந்த வயதில் ஓர் ஆணுக்கு இரும்புச் சத்து இவ்வளவு இறங்கினால், குடலில் எங்கோ சொட்டுச் சொட்டாக இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் பார்த்துவிடுங்கள்" என்று கும்பகோணத்தில் எங்கள் குடும்ப மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மேலே என்றால் எண்டோஸ்கோப்பி, கீழே என்றால் கொலோனோஸ்கோப்பி. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. எங்களுக்கு அது முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஒரு கொலோனோஸ்கோப்பி பாதியில் நின்றது. ஒரு காப்பீட்டுக் கோரிக்கை திரும்பி வந்தது. ஒரு பயாப்ஸி பாட்டில் (பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கு இருக்கும் பாட்டில்) பெயரில்லாமல் என் சட்டைப் பையில் கால் மணி நேரம் இருந்தது. இவற்றில் எதுவும் மருத்துவர் கைத்தவறல்ல. எங்கள் அடுக்களையிலும் கோப்பிலும் நேர்ந்தவை. நான் மருத்துவன் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. அலைச்சலைக் குறைக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பரிசோதனை, எதற்காக என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்கோப் என்பது சுண்டுவிரல் பருமனில் வளைந்து நெளியும் கருங்குழாய். நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். குழாயின் நீளத்துக்கும் உள்ளே ஒரு மெல்லிய துளை ஓடுகிறது. அந்தத் துளைதான் முக்கியம். அதன் வழியாக இடுக்கியை விட்டுச் சதைத் துணுக்கு எடுக்கலாம், கம்பிச் சுருக்கை விட்டுக் கட்டியை அறுக்கலாம், இரத்தம் கசியும் புண்ணில் ஊசி போடலாம், கிளிப் மாட்டலாம். பார்க்கப் போன இடத்திலேயே வைத்தியமும் நடந்துவிடுவது அந்தத் துளையால்தான்.

வாய் வழியாகப் போவது உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை பார்க்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஆசனவாய் வழியாகப் போவது பெருங்குடல் முழுவதையும் பார்த்து, சிறுகுடல் வந்து சேரும் மூலை வரை செல்லும். அதற்கு இருபது நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் ஆகும். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தால் செய்யப்படும் ஈ.ஆர்.சி.பி. வேறு வகை. அது எக்ஸ்ரே துணையோடு செய்யும் சிகிச்சை; கணைய வீக்கம் வரும் அபாயம் கொஞ்சம் கூடுதல்; பெரும்பாலும் ஓர் இரவாவது தங்கச் சொல்வார்கள். கல்லீரல் கெட்டு உணவுக்குழாயில் இரத்தக்குழாய் புடைத்திருப்பவர்களுக்கு ரப்பர் வளையம் போடுவதும் இதே குழாய் வழியாகத்தான். அது ஒரே தடவையில் முடியாது. சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பார்க்க மட்டுமா, ஏதாவது எடுக்கவோ அறுக்கவோ வாய்ப்பு உண்டா?" பின்னால் வரும் மாத்திரை நிறுத்தம், பில் தொகை, காப்பீடு எல்லாம் இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

இரத்த வாந்தி எடுப்பவரையும், பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தையையும் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்காதீர்கள். அவர்களுக்குத் தேதியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. 108-ஐ அழையுங்கள்.

2. அரசா, தனியாரா: முழுத் தொகையைக் கேளுங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரைப்பை குடல் பிரிவு இருக்கும் இடங்களில் இந்தப் பரிசோதனைகள் நடக்கின்றன. காசு பெரிதாகப் போகாது, நேரம்தான் போகும். முதல் நாள் ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கி, பிறகு ஸ்கோப் அறையில் தேதி வாங்க வேண்டும். அந்தப் பிரிவின் புறநோயாளி நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். நாங்கள் தெரியாமல் வேறு நாளில் போய், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். அவசரமில்லாதவர்களுக்கு எங்களிடம் சொல்லப்பட்ட தேதி 19 நாள் தள்ளி இருந்தது. அப்பாவின் ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் காத்திருக்க மனம் வராமல் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

தனியாரில் நான் தொலைபேசியில் விசாரித்த நான்கு இடங்களில் வாய்வழி எண்டோஸ்கோப்பிக்கு 2,000 முதல் 4,500 ரூபாய் வரையும், கொலோனோஸ்கோப்பிக்கு 5,000 முதல் 9,000 ரூபாய் வரையும் சொன்னார்கள். இங்கேதான் முதல் பொறி. சொல்லும் தொகை குழாய் விட்டுப் பார்ப்பதற்கு மட்டும். மயக்க மருந்து மருத்துவர் கட்டணம், முன் இரத்தப் பரிசோதனைகள், பயாப்ஸி, கட்டி எடுத்தால் அதற்கான தொகை, பகல் நேரப் படுக்கை வாடகை எல்லாம் தனித்தனி. அப்பாவுக்கு முதல் தடவை வந்த பில் இது: எண்டோஸ்கோப்பி 3,000, கொலோனோஸ்கோப்பி 5,500, மயக்க மருந்து 2,500, இரத்தப் பரிசோதனை 1,650. ஆக 12,650. பாதியில் நின்ற கொலோனோஸ்கோப்பிக்கும் முழுக் கட்டணம்தான். கேட்டதற்கு, குழாய் உள்ளே போய்விட்டால் கணக்கு முடிந்தது என்றார் பில் கவுண்டரில் இருந்தவர். நியாயம்தான், ஆனால் கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆகவே தேதி வாங்கும்போதே இப்படிக் கேளுங்கள்: "மயக்க மருந்து சேர்த்து எவ்வளவு? பயாப்ஸி எடுத்தால் ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு? பாலிப் எடுத்தால் கூடுதலாக எவ்வளவு?" பாலிப் என்பது குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. காப்பீடு: தேதி வாங்கும் முன் பேசுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறி வர நாள் பிடிக்கும். நோய் வந்த பிறகு ஓடாமல், இன்றைக்கே விண்ணப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தச் சிகிச்சை திட்டத்தில் சேரும் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. மருத்துவமனையில் திட்டத்துக்கென்று ஒரு மேசை இருக்கும். அங்கே மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டிக் கேளுங்கள். வரவேற்பறையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவைத் தர மாட்டோம் என்பது நம் நாட்டு மருத்துவப் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு விதி. ஒரு நாள் அனுமதி, கையில் ஊசி, படுக்கை, பில் எல்லாம் இருக்கிறதே என்று நான் அப்பாவின் முதல் பில்லை அனுப்பினேன். பதினோராவது நாள் ஒரே வரியில் மறுப்பு வந்தது. அதே கொலோனோஸ்கோப்பியில் பாலிப் அகற்றினால் அது சிகிச்சை. பகல் நேரச் சிகிச்சை என்ற தலைப்பில் பெரும்பாலான பாலிசிகள் அதை ஏற்கின்றன.

எங்களுக்கு இரண்டாம் தடவை அது நடந்தது. முதல் தடவை குடல் சுத்தமாக இல்லாமல் நிறுத்தியபோதே, கீழ்ப்பகுதியில் ஒரு பாலிப் இருப்பதைப் பார்த்து ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார் மருத்துவர். அந்த ரிப்போர்ட்டையும், பாலிப்பை அகற்ற வேண்டும் என்ற மருத்துவரின் கடிதத்தையும் வைத்து, காப்பீட்டு மேசை மூலம் முன் அனுமதிக்கு விண்ணப்பித்தோம். திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. அனுமதி வந்தது. பிறகு அந்த மேசையிலிருந்த பெண்மணி ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாட்களில் அதே நோய்க்காகச் செய்த பரிசோதனைச் செலவையும் கேட்கலாம். இரண்டு தடவைக்கும் இடையில் 12 நாள்தான். மறுக்கப்பட்ட அதே பில்லை அந்தத் தலைப்பில் திரும்ப அனுப்பினேன். கொலோனோஸ்கோப்பித் தொகையை ஏற்றார்கள். எண்டோஸ்கோப்பித் தொகையை ஏற்கவில்லை. உங்கள் பாலிசியில் நாள் கணக்கு வேறாக இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

4. கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள்

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: பரிந்துரைச் சீட்டு, ஆதார் நகல் இரண்டு, காப்பீட்டு அட்டை, கடைசி மூன்று மாத இரத்தப் பரிசோதனைகள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், இதற்கு முன் ஸ்கோப் செய்திருந்தால் அதன் ரிப்போர்ட்டும் பயாப்ஸி முடிவும், இதய மருத்துவரின் கடிதம், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதாதீர்கள். மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்து எழுதுங்கள். அப்பா "மூன்று மாத்திரை" என்றார். பரப்பியபோது ஏழு இருந்தது. அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலிக்குக் கொடுத்தது.

ஸ்கோப்புக்கு முன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி பரிசோதனை பல மருத்துவமனைகளில் கேட்கிறார்கள். கூடவே இரத்தத் தட்டணுக்கள், இரத்தம் உறையும் நேரம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின். எத்தனை நாள் பழைய ரிப்போர்ட்டை ஏற்பார்கள் என்று முன்பே கேட்டால், செய்ததையே மறுபடி செய்யும் செலவு மிச்சமாகும்.

5. மாத்திரைகள்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள்

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்தான் முதல் விஷயம். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைக் கட்டி அகற்றுவதற்கு ஐந்து நாள் அளவில் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தினால், கட்டியை விடப் பெரிய ஆபத்து வரும். இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. எழுத்தில் வாங்குங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையைக் கொலோனோஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஆக்கிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இரத்தச் சோகைக்காக ஸ்கோப் செய்யப் போகிறவர் எல்லோருமே பெரும்பாலும் அந்த மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருப்பார். அப்பா முந்தைய நாள் இரவு வரை போட்டார். "ஐயா, கடைசியாக எப்போது இரும்பு மாத்திரை போட்டீர்கள்?" என்று சிஸ்டர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வெறும் வயிற்றில் ஆபத்து. முந்தைய நாளுக்கு எவ்வளவு, அன்று காலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சர்க்கரைக்கோ எடைக்கோ வாரம் ஒருமுறை ஊசி போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்தும். இரத்த அழுத்த மாத்திரையைப் பெரும்பாலும் அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

இன்னொன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இரைப்பையில் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியின்போதே ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். பாண்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலோ, ஆன்டிபயாடிக்கை நான்கு வாரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலோ, கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். அப்பாவுக்கு இல்லை என்று வந்தது. பாண்டோபிரசோல் தினமும் சாப்பிட்டவர் என்பதால் மருத்துவர் அதை நம்பவில்லை. பிறகு மாத்திரையை நிறுத்தி வைத்து மலப் பரிசோதனை செய்தோம். அதற்குத் தனிச் செலவு.

6. மூன்று நாள் சாப்பாடு, அம்மாவின் கீரைக் கூட்டு

வாய்வழி எண்டோஸ்கோப்பிக்குப் பத்தியம் ஒன்றும் இல்லை. திட உணவு சாப்பிட்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். காலை 8 மணிக்கு என்றால் இரவு 10 மணியோடு முடித்துக்கொள்ளுங்கள். காபியில் பால் இருக்கிறது. "அரை டம்ளர் காபிதானே" என்பது நடக்காது.

கொலோனோஸ்கோப்பிக்கு மூன்று நாள் முன்பிருந்தே நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும். ஆரோக்கியத்துக்கென்று நாம் சாப்பிடும் அத்தனையும் அந்த மூன்று நாள் ஆகாது. கீரை, வாழைத்தண்டு, முருங்கை, வெண்டை, கொய்யா, தக்காளி விதை, எள், வேர்க்கடலை, கேழ்வரகு, கம்பு எதுவும் வேண்டாம். கொய்யா விதை குழாயின் உறிஞ்சும் துளையையே அடைத்துவிடும். வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், ரொட்டி, முட்டை, தயிர், மீன் இவை சரி.

அப்பா பலவீனமாக இருக்கிறார் என்று அம்மா முந்தைய நாள் மதியம் முளைக்கீரைக் கூட்டு வைத்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் திரையில் அந்த முளைக்கீரையை நான் நேரில் கண்டேன். குடல் வளைவில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தைய நாள் காலைக்கு மேல் தெளிந்த திரவங்கள் மட்டும் என்பார்கள். கண்ணாடி டம்ளரில் ஊற்றி மறுபக்கம் செய்தித்தாள் எழுத்து தெரிந்தால் அது தெளிந்தது. வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, இளநீர், பால் விடாத தேநீர், வடிகட்டிய தெளிவான சூப் சரி. மோர் ஆகாது. தக்காளி சூப்பும் ஆகாது. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் உள்ளே இரத்தம் போலத் தெரியும் என்பதால் அவையும் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்.

7. பவுடர் குடிக்கும் இரவு

முழு விஷயத்திலும் கடினமானது இதுதான். மருத்துவமனை எழுதித் தரும் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். சுவை எப்படி என்று கேட்டதற்கு அப்பா, "எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் கழுவிய தண்ணீர்" என்றார்.

குளிர வைத்துக் குடித்தால் இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு தொடரலாம். ஆனால் முழுவதும் குடிக்க வேண்டும். பாதி போதும் என்று நிறுத்துவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. அப்பா ஒரு லிட்டர் குடித்ததும் வயிறு நன்றாகப் போகத் தொடங்கியது. "எல்லாம் வெளியே வந்துவிட்டது" என்று படுத்துவிட்டார். போவது முக்கியமில்லை, என்ன நிறத்தில் போகிறது என்பதுதான் முக்கியம். கடைசியில் இளமஞ்சள் நிறத்தில், சிறுநீர் போலத் தெளிவாக, துகள் இல்லாமல் வர வேண்டும். பழுப்பாகவோ கலங்கலாகவோ வந்தால் மருத்துவமனையை அழைத்துச் சொல்லுங்கள். அங்கே போய்ப் படுத்த பிறகு தெரிவதை விட அது மேல்.

முழுவதையும் ஒரே இரவில் குடிப்பதை விட, பாதியை முந்தைய மாலையிலும் மீதியை அன்று அதிகாலையில், பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் அதிகச் சுத்தமாக இருக்கும். இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்குச் சிக்கல். அதிகாலையில் ஒரு லிட்டர் குடித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக முடியுமா? முதல் தடவை காருக்குச் சொல்லி வைத்து, வழியில் பாபநாசத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டுக் கதவைக் காலை ஐந்தரை மணிக்குத் தட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை முந்தைய நாளே மருத்துவமனைக்குப் பக்கத்தில் 900 ரூபாய்க்கு அறை எடுத்தோம். அறையைப் பார்க்கும்போது கட்டிலைப் பார்க்காதீர்கள். கழிப்பறை அறைக்குள் இருக்கிறதா, மேற்கத்தியக் கழிப்பறையா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மென்மையான துணி, ஆசனவாயில் தடவத் தேங்காய் எண்ணெய், மாற்று வேட்டி இரண்டு எடுத்துப் போங்கள். வயதானவர் இரவில் தனியாக எழுந்து போக வேண்டாம். தலை சுற்றி விழுவது உண்டு.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருந்துக் கடையில் தானாக வேறு பேதி மருந்து வாங்கக் கூடாது. பாஸ்பேட் கலந்தவை சிறுநீரகத்துக்குக் கேடு.

8. அன்று காலை

உடன் ஒருவர் கட்டாயம் வேண்டும். மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்து போடக் கூடாது. துணை இல்லையென்றால் பல இடங்களில் செய்யவே மாட்டார்கள். பொய்ப்பல் செட், ஆடும் பல், நகைகள் எல்லாவற்றையும் முன்பே சொல்லிக் கழற்றிவிடுங்கள். நகச்சாயமும் மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைக் குழப்பலாம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். குடலில் துளை விழுதல், இரத்தக் கசிவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து அம்மா கையெழுத்து போட மறுத்தார். இவை அரிது, ஆனால் இல்லாதவை அல்ல. கட்டி அகற்றும்போது கொஞ்சம் கூடும். பாலிப் தெரிந்தால் அப்போதே எடுக்க ஒப்புதல் தருகிறோமா என்பதையும் அங்கேயே தெளிவாக்குங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள், இன்னொரு இரண்டு லிட்டர்.

வாய்வழி பரிசோதனைக்குத் தொண்டையில் மரக்கச் செய்யும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, பல்லுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுப்பார்கள். மயக்கம் இல்லாமலும் செய்துகொள்ளலாம். செலவு குறையும், உடனே வீடு திரும்பலாம். ஓங்கரிப்பு வரும், மூச்சு அடைக்காது. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, எச்சிலை விழுங்காமல் ஒழுக விட்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

குழாயைச் சுத்தம் செய்கிறார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு குழாயைத் துலக்கிக் கழுவி, கிருமிநாசினியில் ஊற வைத்து, அலசி உலர்த்த வேண்டும். நான் கேட்டபோது சிஸ்டர் கோபித்துக்கொள்ளாமல் அந்த அறையையே காட்டினார்.

9. பயாப்ஸி பாட்டிலில் பெயர் இருக்கிறதா?

துணுக்கு எடுத்தால் பயப்படாதீர்கள். புற்றுநோய் சந்தேகத்துக்கு மட்டும் எடுப்பதில்லை. எடுக்கும்போது வலிக்கவும் வலிக்காது.

சில இடங்களில் பாட்டிலை நம் கையிலேயே கொடுத்து, வெளி லேபில் கொடுக்கச் சொல்வார்கள். கட்டைவிரல் உயரப் பாட்டில், உள்ளே துணுக்கு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம், அதன் அடியில் ரவை அளவில் இரண்டு மூன்று வெள்ளைத் துணுக்குகள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மெல்ல மிதந்து கீழே படியும். அப்பாவின் பாட்டிலில் ஒட்டியிருந்த தாள் நனைந்து கழன்றுவிட்டது. நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். லேபில் இருந்தவர் பெயரில்லாமல் வாங்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். அவர் செய்ததுதான் சரி. பாட்டிலை வாங்கும் இடத்திலேயே பெயர், வயது, மருத்துவமனை எண், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடி இறுகியிருக்கட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிவு வர பொதுவாக மூன்று முதல் ஏழு நாள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

தொண்டை மரத்திருக்கும்வரை எதுவும் குடிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் பொறுத்து, ஒரு மிடறு தண்ணீரில் தொடங்குங்கள். கொலோனோஸ்கோப்பிக்குப் பிறகு வயிறு காற்றால் உப்பியிருக்கும். காற்றை வெளியே விடுவதில் வெட்கப்படாதீர்கள், நடந்தால் சீக்கிரம் போகும்.

கடுமையான வயிற்று வலி, வயிறு பலகை போல் இறுகுவது, காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தார் போன்ற கறுப்பு மலம், திரும்பத் திரும்ப இரத்தம் போவது இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாலிப் எடுத்தவர்களுக்கு இரண்டு வாரம் வரைகூட இரத்தக் கசிவு வரலாம். அந்த இரண்டு வாரத்தில் திருப்பதிப் பயணமோ அரிசி மூட்டை தூக்குவதோ வேண்டாம்.

11. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

எண்டோஸ்கோப்பி என்றால் டி2 வரை, அதாவது சிறுகுடலின் இரண்டாம் பகுதி வரை போனதா என்று எழுதியிருக்கும். கொலோனோஸ்கோப்பி என்றால் சீக்கம் வரை, அதாவது சிறுகுடல் வந்து சேரும் அந்த மூலை வரை போனதா, அதன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். குடல் எவ்வளவு சுத்தம் என்பதைப் பாஸ்டன் அளவில் 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். அப்பா முதல் தடவை 3, இரண்டாம் தடவை 8. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குக்கூட வீட்டில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

பாலிப் எடுத்திருந்தால் அளவு, எண்ணிக்கை, எடுத்த இடம், முழுவதும் வந்ததா என்ற நான்கும் இருக்க வேண்டும். அடுத்த பரிசோதனை எப்போது என்பதைப் பயாப்ஸி முடிவோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆகவே பயாப்ஸி முடிவைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், அதை எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவரைப் பாருங்கள். அப்பாவுக்கு 12 மில்லிமீட்டர் பாலிப். அடினோமா, புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் பல ஆண்டுகளில் அப்படி மாறக்கூடிய வகை. மூன்று ஆண்டு கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

ஈ.ஆர்.சி.பி. செய்து பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தவர்கள் எடுக்க வேண்டிய தேதியை எழுதி வாங்காமல் படியிறங்கக் கூடாது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் வலி போனதும் ஸ்டென்ட்டை மறந்தே போனவர். ஒன்றரை ஆண்டு கழித்து அது அடைத்து, குளிர் காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக வந்து படுத்திருந்தார்.

ரிப்போர்ட்டின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். காப்பீட்டுக்கு அசல் கேட்டால் வண்ண நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். அப்பாவின் கோப்பு அட்டையில் அடுத்த கொலோனோஸ்கோப்பிக்கான மாதத்தையும் ஆண்டையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்ந்திருந்தது: "மூணு நாள் முன்னாடியே கீரை கிடையாது."